சாக்கும் சாம்பலும் சிரட்டையும்: சொந்தக் காணி இல்லாதவர்களுக்கான வீட்டுத்தோட்டம்

கண்டி மாவட்டத்தின் தெல்தோட்டையைச் சுற்றியுள்ள மலைகளில் தேயிலைக்குக் குறைவில்லை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்ட லூல்கந்துர தோட்டம் இதற்கு அண்மையில்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தேயிலையைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தவர்களின் லயன் வாசலில், ஒரு கறிவேப்பிலை மரம் வைப்பதற்குக்கூட ‘இது யாருடைய நிலம்?’ என்ற கேள்வி எழுகிறது. வாசலடித் துண்டு குடும்பத்தின் பாவனையில் இருக்கும், அதற்கான உறுதி அவர்கள் கையில் இருக்காது.

வடக்கிலும் கிழக்கிலும் போரால் இடம்பெயர்ந்தவர்களுக்கு இந்த நிலை புதிதல்ல. முகாம், உறவினர் வீட்டு முற்றம், தற்காலிகக் கொட்டகை, வாடகை வீடு என்று மாறிக்கொண்டே இருந்த குடும்பங்கள் எத்தனையோ. 1977, 1983 வன்செயல்களுக்குப் பின்னர் மலையகத்தை விட்டு வன்னிக்குப் போய்க் குடியேறியவர்கள் இந்த இரண்டு அனுபவங்களையும் ஒன்றாகச் சுமந்தவர்கள்.

வீட்டுத்தோட்டம் பற்றிய குறிப்புகளில் பெரும்பாலானவை, வீட்டைச் சுற்றி சொந்தக் காணி இருக்கிறது என்ற எண்ணத்தில் எழுதப்பட்டவை. இந்தக் கட்டுரை அந்தக் காணி இல்லாதவர்களுக்கானது. வீட்டில் கிடக்கும் பொருட்களைக் கொண்டு, நிலத்தைத் தோண்டாமல், தேவைப்பட்டால் தூக்கிக்கொண்டு போகக்கூடிய தோட்டத்தை எப்படி அமைப்பது, பரவலாகச் சொல்லப்படும் ‘சமையலறை உத்தி’களில் எது பலன் தரும், எது தராது என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஏன் இது வெறும் பொழுதுபோக்கு அல்ல

2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் சுமார் 17 வீதமானோர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். தோட்டப்புறத்தில் மட்டும் அது சுமார் 32 வீதம். 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டபோது, சந்தையில் ஒரு கட்டுக் கீரை வாங்குவதற்கும் யோசிக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு ஜூனில், அரச ஊழியர்கள் வீட்டுத்தோட்டம் செய்வதற்கென்று வெள்ளிக்கிழமை விடுமுறைகூட வழங்கப்பட்டது. நாட்கூலிக்குக் கொழுந்து பறிப்பவர்களுக்கு அப்படியொரு வெள்ளிக்கிழமை கிடைக்கவில்லை.

அதற்கு முந்தைய ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டு, நவம்பரில் தளர்த்தப்பட்டது. தெற்கில் பலருக்கு அது முதல் அனுபவம். வடக்கில் இருந்தவர்களுக்கு அப்படியல்ல. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், அங்கே கொண்டுசெல்ல அனுமதிக்கப்படாத பொருட்களின் பட்டியலில் யூரியாவும் இருந்தது. உரம் இல்லாமல் பயிர் வளர்ப்பது எப்படி என்பது நம்மவர்களுக்குப் பழைய பாடம்.

முதலில் மண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள்

‘சாம்பல் போட்டால் செடி நன்றாக வரும்’ என்று தெல்தோட்டையிலும் சொல்கிறார்கள், யாழ்ப்பாணத்திலும் சொல்கிறார்கள். ஒரு இடத்தில் அது பெருமளவு சரி, மற்ற இடத்தில் அது செடியைக் கெடுக்கலாம்.

தேயிலை புளிப்புத்தன்மை கொண்ட மண்ணில் வளரும் பயிர். அதற்கு ஏற்ற பி.எச். அளவு ஏறத்தாழ 4.5 முதல் 5.5 வரை. மரக்கறிகளில் பெரும்பாலானவை 6 முதல் 7 வரையிலான மண்ணையே விரும்பும். அதனால் தேயிலை மலையின் மண்ணை எடுத்து அப்படியே தக்காளி நட்டால், செடி சோர்ந்துதான் நிற்கும். விறகுச் சாம்பல் காரத்தன்மை உடையது. அது புளிப்பைக் குறைப்பதோடு பொட்டாசியத்தையும் கல்சியத்தையும் கொடுக்கிறது. கவ்வாத்து வெட்டிய மிலாற்றை அடுப்பில் எரிக்கும் வீடுகளில் இது தினமும் இலவசமாகக் கிடைக்கும் உரம்.

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் அமைந்தது. அங்கே பல இடங்களில் மண் ஏற்கெனவே காரப் பக்கம் சாய்ந்திருக்கும். அதில் சாம்பலைக் கொட்டினால், மண்ணில் இருக்கும் இரும்புச்சத்தைச் செடியால் எடுக்க முடியாமல் போகும். நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இளம் இலைகள் மாறுவது இதற்கு அடையாளம். அங்கே சாம்பலைக் குறைத்து, கூட்டெருவைக் கூட்டுவதே நல்லது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஒரு மேசைக்கரண்டி உலர்ந்த மண்ணில் கொஞ்சம் வினாகிரி ஊற்றுங்கள். நுரைத்தால் மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறது, சாம்பல் வேண்டாம். நுரைக்காவிட்டால் சுண்ணாம்பு அதிகம் இல்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

மலைநாட்டில் ஒரு சாக்கு மண்ணை நிரப்பும்போது இரண்டு கைப்பிடி சாம்பலைக் கலந்தால் போதும். பிறகு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஒரு கைப்பிடி. பொலித்தீன், பெயின்ட் பூசிய பலகை எரித்த சாம்பலைத் தொடவே வேண்டாம். கோழி எருவுடனோ யூரியாவுடனோ சாம்பலைச் சேர்த்துக் கலக்கவும் கூடாது. அவற்றிலுள்ள நைதரசன் அமோனியா வாயுவாக வெளியேறிவிடும்.

சாக்குத் தோட்டம் அமைக்கும் முறை

அரிசிச் சாக்கு, மாச் சாக்கு, நன்றாகக் கழுவிய உரப்பை, எது இருந்தாலும் சரி. கென்யாவின் நைரோபி நகரில் கிபெரா என்ற நெரிசலான குடிசைப் பகுதியில், 2007, 2008 தேர்தல் வன்முறைக்குப் பின்னர் இந்த முறை பரவலானது. அங்கேயும் மக்களுக்கு நிலம் இல்லை, சாக்கு இருந்தது.

1. மண் கலவை: மேல்மண் ஒரு பங்கு, மக்கிய கூட்டெரு அல்லது மாட்டெரு ஒரு பங்கு, தும்புத்தூள் அல்லது மணல் ஒரு பங்கு. தும்புத்தூள் கிடைக்காவிட்டால் பொச்சுமட்டையைச் சிறு துண்டுகளாக வெட்டி ஊறவைத்துப் போடலாம்.

2. சாக்கின் அடியில் ஒரு சாண் உயரத்துக்குச் சிறு கற்களும் உடைந்த ஓட்டுத் துண்டுகளும். அடிப்பக்கம் ஐந்தாறு துளைகள்.

3. இரண்டு பக்கமும் வெட்டிய ஒரு பெரிய பால்மா டின்னைச் சாக்கின் நடுவில் நிறுத்தி, அதற்குள் கற்களையும் சுற்றிலும் மண்ணையும் நிரப்புங்கள். மண் டின்னின் உயரத்துக்கு வந்ததும் டின்னை மேலே இழுத்து, மீண்டும் நிரப்புங்கள். கடைசியில் டின் வெளியே வந்துவிடும், நடுவில் ஒரு கல் தூண் நிற்கும். மேலே ஊற்றும் தண்ணீர் அந்தத் தூண் வழியாக அடிவரை இறங்கும்.

4. சாக்கின் பக்கங்களில் ஒரு சாண் இடைவெளியில் சிறு கீறல்கள் போட்டு, அவற்றில் கீரை நாற்றுகளைச் செருகுங்கள். மேற்பகுதியில் ஒரு கத்தரியோ இரண்டு மிளகாய்ச் செடிகளோ வைக்கலாம்.

5. வெயில் நேரடியாகப் பட்டால் சாக்கின் இழை சில மாதங்களில் இற்றுப்போகும். இன்னொரு பழைய சாக்கை வெளியே சுற்றிக் கட்டினால் கூடுதல் காலம் நிற்கும். கடைசியில் தூளாகி மண்ணில் கலக்க விடாமல், அதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

நிரப்பிய பெரிய சாக்கை ஒருவரால் அசைக்க முடியாது. அடிக்கடி இடம் மாற வேண்டியவர்கள் பெரிய சாக்குக்குப் பதிலாக 5 கிலோ, 10 கிலோ அரிசிப் பைகளில் ஒவ்வொரு செடியாக வைப்பது நல்லது.

மலைநாட்டு வாசகர்களுக்கு ஓர் எச்சரிக்கை: சாக்கு நிரப்புவதற்காக வீட்டின் பின்பக்க மண்மேட்டை வெட்டி மண் எடுக்க வேண்டாம். கண்டி மாவட்டம் மண்சரிவு அபாயம் உள்ள மாவட்டம். சரிவின் அடிப்பகுதியை வெட்டுவது மேலே உள்ள மண்ணுக்கான தாங்கலை அகற்றுவதாகும். மழையில் அடித்து வந்து கான்களில் தேங்கும் மண்ணே போதும். அதில் கூட்டெருவைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விதையும் நாற்றும் சமையலறையிலேயே இருக்கின்றன

கொத்தமல்லி: கடையில் வாங்கும் மல்லியே போதும். ஒவ்வொரு மணியிலும் இரண்டு விதைகள் இருப்பதால், போத்தலை மேலே உருட்டி இரண்டாகப் பிளந்து, ஒரு இரவு ஊறவைத்து விதைக்க வேண்டும்.

வெந்தயம்: ஒரு கைப்பிடியைத் தூவினால் மூன்று, நான்கு வாரத்தில் கீரை பறிக்கலாம். அகலமான எந்தத் தட்டிலும் வளரும். தட்டின் அடியில் துளை இருக்க வேண்டும்.

கங்குங், பசளி, பொன்னாங்காணி, புதினா: சந்தையில் வாங்கிய கட்டில் முற்றிய தண்டுகளை எறியாமல், கீழ் இலைகளை அகற்றி ஈர மண்ணில் ஊன்றினாலே வேர் விடும்.

தக்காளி: நன்கு பழுத்த பழத்தின் விதைகளைச் சாறோடு இரண்டு மூன்று நாள் வைத்து, வழவழப்பு நீங்கிய பின் கழுவி நிழலில் உலர்த்துங்கள். கலப்பின வகைப் பழத்தின் விதை முளைக்கும், ஆனால் தாய்ச் செடியைப் போலவே காய்க்கும் என்று சொல்ல முடியாது. முடிந்தவரை நாட்டு வகையில் விதை எடுங்கள்.

பழைய விதை முளைக்குமா என்று தெரியாவிட்டால், பத்து விதைகளை ஈரத் துணியில் சுற்றி வையுங்கள். ஒரு வாரத்தில் ஏழு முளைத்தால் நல்ல விதை. மூன்று மட்டுமே முளைத்தால் நெருக்கமாக விதைக்க வேண்டும்.

நாற்றுக்கு யோகட் கோப்பை, முட்டை அட்டை, அடியில் துளையிட்ட சிரட்டை, பத்திரிகைத் தாளைச் சுருட்டிய குழல் எதுவும் பொருந்தும். தாள் குழலையும் முட்டை அட்டையையும் அப்படியே மண்ணில் வைத்துவிடலாம், வேர் அசையாது.

சமையலறைக் கழிவுகள்: எது உதவும், எவ்வளவு உதவும்

அரிசி கழுவிய தண்ணீர்: மாப்பொருளும் மிகக் குறைந்த அளவு தாதுக்களும் கொண்டது. ஊற்றுவதில் தவறில்லை, தண்ணீரும் மிச்சமாகும். அதை உரம் என்று நம்பி எருவை நிறுத்திவிட வேண்டாம். புளிக்க வைக்காமல் அன்றே ஊற்றுங்கள்.

தேயிலைச் சக்கை: சீனியும் பாலும் கலந்திருந்தால் எறும்பு மொய்க்கும். ஒரு தடவை அலசி, உலர்த்தி, கூட்டெருவில் போடுவதே சிறந்த வழி. செடியின் அடியில் தடிப்பாகக் கொட்டினால் பூஞ்சணம் பிடித்து, தண்ணீர் இறங்க விடாமல் தடுக்கும்.

முட்டை ஓடு: பெரும்பகுதி கல்சியம் காபனேற்று. முழுசாகப் போட்டால் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். காயவைத்து அம்மியிலோ உரலிலோ மாவாக இடித்துப் போட்டால், புளிப்பு மண்ணில் மெதுவாகக் கரையும். தக்காளியின் அடிப்பாகம் கறுத்து அழுகினால் உடனே முட்டை ஓட்டைத் தேடுகிறோம். பெரும்பாலும் அதற்குக் காரணம் ஒரு நாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றுவதுதான். தண்ணீரை ஒழுங்காக்கினால் பாதிப் பிரச்சினை தீரும்.

வாழைப்பழத் தோல்: பொட்டாசியம் உண்டு. ஊறவைத்த தண்ணீரில் வருவது கொஞ்சம்தான். சிறிதாக நறுக்கிக் கூட்டெருவில் சேர்ப்பதே மேல்.

மீன் கழுவிய தண்ணீர்: நைதரசன் கொண்டது, கறிவேப்பிலைக்கும் பூசணிக்கும் நல்லது. இரண்டு மடங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, மேலே மண்ணைத் தூவுங்கள். காட்டுப்பன்றி வரும் இடங்களில் இதைத் தவிருங்கள்.

உப்பு: நத்தைக்கு உப்புத் தூவுவது பழக்கம். நத்தை சாகும், உப்பு மண்ணில் தங்கிச் செடியையும் வாட்டும். அதற்குப் பதிலாக, மாலையில் ஈரச் சாக்கைத் தரையில் விரித்துவிட்டு, காலையில் அதன் அடியில் ஒதுங்கியிருக்கும் நத்தைகளைக் கையுறை அணிந்து அல்லது பொலித்தீன் பையால் பொறுக்கலாம். கீரையைச் சமைக்கும் முன் நன்றாகக் கழுவுங்கள்.

ஒரு வாளியில் கூட்டெரு

உடைந்த வாளி, ஓட்டையான பீப்பாய், இரட்டைச் சாக்கு, எதிலும் கூட்டெரு செய்யலாம். அடியிலும் பக்கங்களிலும் துளையிடுங்கள். காய்ந்த இலை, கிழித்த அட்டை, தும்பு ஆகியவை இரண்டு பங்கு. மரக்கறித் தோல், தேயிலைச் சக்கை, பச்சை இலை ஆகியவை ஒரு பங்கு. மாறி மாறி அடுக்கி, இடையிடையே ஒரு கைப்பிடி மண். இறைச்சி, எண்ணெய், சமைத்த சோறு வேண்டாம். அவை எலியைக் கூப்பிடும்.

ஒரு பிடியை எடுத்து இறுக்கினால் ஒன்றிரண்டு துளி வர வேண்டும். ஒழுகினால் காய்ந்த அட்டையைச் சேருங்கள், பொடிந்தால் தண்ணீர் தெளியுங்கள். வாரம் ஒரு தடவை கிளறினால் இரண்டு, மூன்று மாதத்தில் கறுத்து மண் வாசம் வீசும்.

மலைநாட்டு வீதியோரங்களில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் காட்டுச் சூரியகாந்தியின் இலைகளை விட்டுவிடாதீர்கள். நைதரசனும் பொட்டாசியமும் நிறைந்த அந்த இலைகள் விரைவில் மக்கும். வன்னியிலும் மற்ற இடங்களிலும் வேலியில் நிற்கும் கிளிரிசீடியா, அகத்தி இலைகள் அதே வேலையைச் செய்யும்.

தண்ணீர்: ஒரு பக்கம் மிகுதி, ஒரு பக்கம் பற்றாக்குறை

தெல்தோட்டைப் பக்கம் மழைக்காலத்தில் செடியைக் கொல்வது பெரும்பாலும் வரட்சியல்ல, தேங்கும் நீர். சாக்கைக் கல்லின் மேலோ பலகையின் மேலோ உயர்த்தி வையுங்கள். கூரைத் தண்ணீர் நேரே விழும் இடத்தைத் தவிருங்கள். மண்ணின் மேல் காய்ந்த இலைகளைப் பரப்பினால் மழைத்துளி மண்ணை அரிக்காது.

வன்னியில் ஆவணி வெயிலுக்கு வேறு உபாயம் வேண்டும். பிளாஸ்டிக் போத்தலின் மூடியில் ஊசியால் இரண்டு துளையிட்டு, அடியை வெட்டி, தலைகீழாகச் செடியருகே புதையுங்கள். தண்ணீர் மெதுவாக வேருக்குப் போகும். மெருகு பூசாத மண்முட்டியைக் கழுத்துவரை புதைத்து நிரப்பி மூடிவைப்பது இன்னும் பழைய, இன்னும் நல்ல முறை.

எந்த முறையானாலும் நுளம்பை மறக்கக் கூடாது. 2017இல் இலங்கையில் 186,101 பேருக்கு டெங்கு பதிவானது. கண்டியும் யாழ்ப்பாணமும் அடிக்கடி பாதிக்கப்படும் மாவட்டங்கள். சாடியின் அடித்தட்டு, சிரட்டை, யோகட் கோப்பை, பழைய டயர் ஆகியவற்றில் ஒரு வாரம் தண்ணீர் தேங்கினால் போதும். துளையில்லாத எந்தப் பாத்திரத்தையும் தோட்டத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். டயரைத் தவிர்ப்பதே நல்லது. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி நுளம்பு பெருக இடமளிப்பது தண்டனைக்குரிய குற்றம்.

பூச்சியும் குரங்கும்

அழுக்கணவன், வெள்ளை ஈ போன்ற மென்மையான பூச்சிகளுக்கு ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவம். மாலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி தெளித்து, மறுநாள் காலை தண்ணீரால் கழுவுங்கள். முதலில் ஓரிரு இலையில் தெளித்துப் பாருங்கள். சலவைத் தூள் வேண்டாம்.

வேப்பமரம் உள்ள வடக்கு, கிழக்கில் 50 கிராம் வேப்பம் பருப்பை இடித்து, ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு இரவு ஊறவைத்து வடித்துத் தெளிக்கலாம். மலைநாட்டில் வேம்பு அரிது. அங்கே உள்ளியும் கொச்சிக்காயும் அரைத்த கரைசல் ஓரளவு கைகொடுக்கும். மழைக்குப் பின் மீண்டும் தெளிக்க வேண்டியிருக்கும்.

குரங்குக்கு நிச்சயமான வீட்டு மருந்து எதுவும் இல்லை. 2025 மார்ச் 15 அன்று அரசாங்கம் நாடு முழுவதும் ஐந்து நிமிடம் குரங்கு, மயில், மரஅணில்களைக் கணக்கெடுக்க வைக்கும் அளவுக்குப் பிரச்சினை பெரிது. நாம் செய்யக்கூடியது, அவை குறைவாக நாடும் பயிர்களைத் தேர்வது: இஞ்சி, மஞ்சள், கொச்சிக்காய், கறிவேப்பிலை, வல்லாரை, புதினா. காய்க்கும் பயிர்களை வாசலுக்கு மிக அருகில் வைத்துப் பழைய வலையால் மூடலாம்.

எதைத் தொடக்கூடாது

களைநாசினி, பூச்சிநாசினி வந்த கான்களும் போத்தல்களும் எத்தனை தடவை கழுவினாலும் உணவுப் பயிருக்கு உதவாது. பழைய பெயின்ட் டின்னும் அப்படியே. உடைந்த அஸ்பெஸ்டஸ் கூரைத் தகடுகளைப் பாத்தி கட்டுவதற்கு வெட்டவோ உடைக்கவோ வேண்டாம், அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு.

போர் நடந்த பிரதேசங்களில் உள்ளவர்களுக்கு இன்னொன்று. எறிகணைக் கோது, வெடிபொருள் பெட்டி, இன்னதென்று தெரியாத எந்த உலோகப் பொருளையும் பூச்சாடியாகவோ எல்லையாகவோ எடுத்து வைக்காதீர்கள். பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். காடாகிக் கிடந்த காணியைத் தோண்டும் முன் அது கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்டதா என்று கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்துங்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பிப் பொலிசாருக்கோ கண்ணிவெடி அகற்றும் பணியாளர்களுக்கோ அறிவியுங்கள். அதுவரைக்கும், நிலத்துக்கு மேல் நிற்கும் சாக்குத் தோட்டம் போதும்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்

பத்துச் சாக்கு ஒரு குடும்பத்தின் சோற்றுப் பானையை நிரப்பாது. குறைந்த கூலிக்கும் பட்டா இல்லாத நிலத்துக்கும் அது மாற்றும் அல்ல. வீட்டுத்தோட்டத்தைக் காட்டி அந்தக் கேள்விகளை மூடிவிட யாருக்கும் உரிமையில்லை.

ஆனால் பத்துச் சாக்கை ஒழுங்காகப் பார்த்தால், வாரத்தில் சில நாள் கீரை, தாளிக்கக் கறிவேப்பிலை, சம்பலுக்குக் கொச்சிக்காய் கடைக்குப் போகாமல் கிடைக்கும். கீரையில் தேசிக்காய் பிழிந்து சாப்பிட்டால் அதிலுள்ள இரும்புச்சத்து உடலில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடிப்பது அதைக் குறைக்கும் என்பதையும் தேயிலை மலையில் இருப்பவர்கள் நினைவில் வைப்பது நல்லது. ஒரு மணிநேரம் கழித்துக் குடிக்கலாம்.

புதிதாகத் தொடங்குபவர்கள் மூன்று சாக்கோடு தொடங்குங்கள்: ஒன்றில் கங்குங், ஒன்றில் வெந்தயமும் கொத்தமல்லியும், ஒன்றில் கொச்சிக்காய். முதல் கீரை ஒரு மாதத்துக்குள் கைக்கு வந்துவிடும். மண், நோய், விதை பற்றிய சந்தேகங்களுக்கு விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கு அழைத்து ஆலோசனை பெறலாம்.